பொய் அலாரமும் மெய் நட்டமும்

பெருநாளைக்கு முந்திய வாரம் புடவைக் கடைக்காரர்களுக்கு எப்படிப்பட்டது என்பதை இந்தப் பகுதியை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வருடம் முழுவதும் போட்ட முதலில் பெரும் பங்கு அந்த ஏழெட்டு நாட்களில்தான் கைக்குத் திரும்புகிறது. அப்படியான ஒரு வாரத்தில், சில வருடங்களுக்கு முன்னர், இரவு ஒன்பது மணியளவில் எனக்கொரு தொலைபேசி அழைப்பு வந்தது. சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும், அவர்களது பில் போடும் கணனிகளைப் பார்த்துக் கொடுப்பதும் எனது தொழில். அழைத்தவர் எனது நீண்டகால வாடிக்கையாளர்.

"தம்பி, மெஷின்ல வைரஸ் எண்டு செவப்பு எழுத்துல வருது. பில் புரோகிராம் தொறக்குதில்ல. கடை நெறஞ்ச சனம் நிக்குது" என்றார்.

"வைரஸ் கார்ட் ஏதாவது கேட்டதா நானா? என்னத்த அமத்தினீங்க?"

"காசு மேசையில இருந்த பொடியன் 'டிலீட்' எண்டத அமத்திட்டானாம்."

நான் போய்ப் பார்த்தபோது பில் போடும் மென்பொருளின் பிரதான பைல் இல்லை. வைரஸ் என்று சொல்லி வைரஸ் கார்ட் அதனை அழித்திருந்தது. என்னிடமிருந்த பிரதியைப் போட்டேன். மறு நிமிடமே மீண்டும் அதே சிவப்பு எச்சரிக்கை. அந்த மென்பொருள் மூன்று வருடங்களாக ஒரு மாற்றமும் இல்லாமல் அந்தக் கணனியில் ஓடிக்கொண்டிருந்தது. வைரஸ் கார்ட்தான் அன்று பின்னேரம் தன்னைப் புதுப்பித்திருந்தது. ஆகவே இது பொய் எச்சரிக்கை என்று நான் முடிவு செய்தேன். முடிவு சரி. பிறகு நான் செய்த காரியம்தான் பிழை. சனம் காத்து நிற்கிறது என்ற அவசரத்தில், 'டி' டிரைவ் முழுவதையும் பரிசோதிக்க வேண்டாம் என்று வைரஸ் கார்டுக்குக் கட்டளை கொடுத்துவிட்டு வந்தேன். "இனி அது கரச்சல் தராது நானா" என்றும் சொன்னேன். அது கரச்சல் தரவுமில்லை.

ஏறக்குறைய எட்டு மாதங்களுக்குப் பின்னர், கடையில் வேலை பார்த்த ஒருவர் விளம்பர அட்டை வடிவமைப்பதற்காகக் கள்ளப் பிரதியான மென்பொருள் ஒன்றைப் பென் டிரைவில் கொண்டுவந்து அதே 'டி' டிரைவில் போட்டார். எச்சரிக்கை எதுவும் வரவில்லை. மறுநாள் காலை கடை திறந்தபோது எல்லாப் பைல்களும் பூட்டப்பட்டு, திறப்பதற்குப் பிட்கொயினில் பணம் கேட்டு ஓர் அறிவித்தல் திரையில் நின்றது. கணக்கின் மறுபிரதி இருந்த ஹார்ட் டிஸ்க்கும் அதே கணனியில் செருகப்பட்டிருந்தது. அதுவும் பூட்டப்பட்டுவிட்டது. கடனுக்குச் சாமான் எடுத்த சில்லறைக் கடைக்காரர்களின் பெயர்களும் தொகைகளும் அதற்குள்தான் இருந்தன.

அவர் பணம் கொடுக்கவில்லை. ஞாபகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தொலைபேசி எடுத்தார். சிலர் தமது கொப்பியைப் பார்த்து நேர்மையாகத் தொகையைச் சொன்னார்கள். சிலருக்கு 'ஞாபகமில்லை'. அவர் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். ஏனெனில் அந்தக் கதவைத் திறந்து வைத்தவன் நான்.

இந்தக் கதையை இவ்வளவு நாள் கழித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. அன்று முதல் நான் சென்ற கடைகளில், பாமசிகளில், ஏஜென்சி அலுவலகங்களில் இதே நிலைமையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஒரு தடவை பொய் எச்சரிக்கை வந்தது. அதன் பிறகு வைரஸ் கார்ட் சொல்வதை எவரும் நம்புவதில்லை. பொய் எச்சரிக்கையால் அழியும் ஒரு பைலைத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். அதனால் அழியும் நம்பிக்கையே மிகப் பெரிய நட்டம் என்பது எனது கருத்து.

காவல்காரனின் கஷ்டம்

வைரஸ் கார்ட் என்பது வாசலில் நிற்கும் காவல்காரனைப் போன்றது. ஆரம்ப காலத்தில் அவனிடம் கள்ளர்களின் படங்கள் மாத்திரமே இருந்தன. படத்தோடு முகம் பொருந்தினால் பிடிப்பான். இன்று நாளாந்தம் இலட்சக்கணக்கில் புதிய தீய பைல்கள் உருவாக்கப்படுவதால் படங்கள் போதாது. ஆகவே அவன் நடையையும் உடையையும் பார்த்து ஊகிக்கிறான். இந்தப் பைல் தன்னைச் சுருக்கி மூடிக்கொண்டிருக்கிறதா? மற்றைய பைல்களில் கை வைக்கிறதா? உலகில் எத்தனை கணனிகளில் இது இருக்கிறது? யாருடைய கையொப்பம் இதில் உள்ளது? இவ்வாறான கேள்விகளுக்குப் புள்ளி போட்டு, புள்ளி எல்லை தாண்டினால் பிடித்துவிடுகிறான்.

ஊகம் என்று வந்துவிட்டால் பிழையும் வரும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணனியொன்றில் 1,00,000 பைல்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றே ஒன்றுதான் வைரஸ் என்று வைத்துக்கொள்வோம். காவல்காரன் ஆயிரத்துக்கு ஒரு தடவை மாத்திரமே பிழை விடுபவன். கேட்பதற்கு மிக நல்ல காவல்காரன். ஆனால் அவன் அந்த ஒரு கள்ளனோடு சேர்த்துச் சுமார் 100 நல்ல மனிதர்களையும் பிடித்துக் கட்டிவைப்பான். நல்ல பைல்கள் மிக அதிகமாகவும் கெட்டவை மிகக் குறைவாகவும் இருக்கும் இடத்தில், பிழை வீதம் எவ்வளவு சிறிதாக இருந்தாலும் பொய் எச்சரிக்கைகள் எண்ணிக்கையில் மிஞ்சிவிடும். அதனால்தான் இந்த நிறுவனங்கள் பிழை வீதத்தை ஆயிரத்திலொன்றை விடப் பன்மடங்கு குறைத்து வைத்திருக்கப் பாடுபடுகின்றன. அப்படிப் பாடுபட்டும் பூச்சியத்துக்குக் கொண்டுவர முடியவில்லை.

"கள்ளனை விட்டுவிடுவதை விட நல்லவனைச் சற்று நேரம் தடுத்து வைப்பது பரவாயில்லைதானே" என்று சிலர் கேட்கலாம். ஓரளவு நியாயம்தான். ஆனால் தடுத்து வைக்கப்படுவது எது என்பதைப் பொறுத்தது அது. கீழே வரும் சம்பவங்களைப் பாருங்கள். இவை எனது சொந்தக் கதைகள் அல்ல. உலகறிந்தவை.

பெரியவர்கள் தடுக்கி விழுந்த இடங்கள்

2010 ஏப்ரல் 21ஆம் திகதி மெக்காபி நிறுவனம் தனது நாளாந்தப் புதுப்பித்தலை வெளியிட்டது. அதன் இலக்கம் 5958. வின்டோஸ் எக்ஸ்.பி. சேர்விஸ் பெக் 3 இயங்கிய கணனிகளில், வின்டோஸின் உயிர்நாடிகளில் ஒன்றான 'எஸ்.வி.சி.ஹோஸ்ட்' என்ற பைலை அது 'வெகோர்ல்' எனும் வைரஸ் என்று பிடித்தது. அந்தப் பைல் போனதும் கணனிகள் திரும்பத் திரும்பத் தாமாகவே நின்று எழும்பின. இணையத் தொடர்பையும் இழந்தன. அவுஸ்திரேலியாவின் கோல்ஸ் சுப்பர் மார்க்கட்டில் காசு மேசைக் கணனிகளில் ஏறக்குறைய 10 வீதமானவை பாதிக்கப்பட்டு, நாட்டின் மேற்கிலும் தெற்கிலும் சில கிளைகள் மூடப்பட்டன. மெக்காபி அன்றைய தினமே திருத்தத்தை வெளியிட்டது. ஆனால் இணையத் தொடர்பே இல்லாத கணனிக்கு இணையத்தில் வரும் திருத்தத்தால் என்ன பயன்? ஒவ்வொரு கணனியாகப் போய் ஆள் உட்கார்ந்து திருத்த வேண்டியிருந்தது. அந்த வின்டோஸ் பதிப்பும் தமது மென்பொருளின் அந்தப் பதிப்பும் சேர்ந்து இயங்கும் கணனி தமது பரிசோதனைப் பட்டியலில் இருக்கவில்லை என்பதை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது.

இதற்கு முன்னர், 2007 மே மாதத்தில் சிமென்டெக் நிறுவனத்தின் புதுப்பித்தலொன்று சீனமொழி வின்டோஸ் எக்ஸ்.பி.யின் இரண்டு முக்கிய பைல்களை வைரஸாகக் கருதியதால் சீனாவில் ஆயிரக்கணக்கான கணனிகள் எழும்பாமல் போயின. 2008 நவம்பரில் ஏ.வி.ஜி., வின்டோஸின் 'யூசர்32' பைலைப் பிடித்தது. அதில் பாதிக்கப்பட்டவை டச்சு, பிரெஞ்சு, இத்தாலிய, போர்த்துக்கீச, ஸ்பானிய மொழிப் பதிப்புகள். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கொரு விடயம் புலப்படுகிறது. பரிசோதனைக் கூடத்தில் எது அதிகமாகப் பாவிக்கப்படுவதில்லையோ, அதுதான் முதலில் அடிவாங்குகிறது.

2012 செப்டெம்பரில் சோபோஸ் நிறுவனத்தின் காவல்காரன் தன்னைப் புதுப்பிக்கும் தனது சொந்தப் பைலையே பிடித்து அடைத்துவிட்டான். இதனால் திருத்தத்தைப் பெற்றுக்கொள்ளும் வழியும் பல கணனிகளில் அடைபட்டது. 2013 ஏப்ரலில் மெல்வெயார்பைட்ஸ் வெளியிட்ட பிழையான புதுப்பித்தல் எட்டு நிமிடங்களளவே இணையத்தில் இருந்தது. ஆயிரக்கணக்கான கணனிகளை முடக்குவதற்கு அந்த எட்டு நிமிடம் போதுமாயிருந்தது. 2023 ஜனவரி 13ஆம் திகதி மைக்ரோசொப்ட் டிபெண்டரின் ஒரு விதி, அதனை நடைமுறைப்படுத்தியிருந்த நிறுவனங்களின் கணனிகளில் குறுக்குவழிச் சின்னங்களை அழித்தது. மென்பொருள்கள் உள்ளேயே இருந்தன. ஆனால் சின்னங்களைக் காணாத ஊழியர்கள் எல்லாமே போய்விட்டன என்று பதறினார்கள்.

2024 ஜூலை 19ஆம் திகதி நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் புதுப்பித்தலொன்றால், மைக்ரோசொப்டின் மதிப்பீட்டின்படி, 85 இலட்சம் வின்டோஸ் கணனிகள் நீலத் திரையுடன் நின்றன. விமான சேவைகள், வங்கிகள், வைத்தியசாலைகள் எல்லாம் தடுமாறின. இது பொய் எச்சரிக்கை அல்ல, புதுப்பித்தலில் இருந்த வேறொரு பிழை. ஆயினும் பாடம் ஒன்றுதான். 2010இல் மெக்காபி ஒரே நாளில் உலகம் முழுவதற்கும் அனுப்பியதைப் போலவே, 14 வருடங்களுக்குப் பின்னர் கிரவுட்ஸ்ட்ரைக்கும் எல்லோருக்கும் ஒரே தடவையில் அனுப்பியது. முதலில் சிறிய தொகைக்கு அனுப்பி, சுகமாக இருந்தால் மற்றவர்களுக்கு அனுப்புவோம் என்று அந்நிறுவனம் சொன்னது அதன் பின்னர்தான். சமையலில் உப்புப் பார்க்காமல் ஊருக்கே பந்தி வைப்பவனை நாம் என்ன சொல்வோம்?

நமது ஊர் மென்பொருளுக்கு ஏன் அதிகம் அடி?

வின்டோஸ் பைல் ஒன்றைப் பிழையாகப் பிடித்தால் உலகமே சத்தம் போடும். சில மணித்தியாலங்களில் திருத்தம் வரும். நமது ஊர் இளைஞர் ஒருவர் எழுதி நூறு கடைகளுக்குப் போட்டுக்கொடுத்த பில் மென்பொருளைப் பிடித்தால் யார் சத்தம் போடுவார்கள்?

முன்னர் சொன்னேன், காவல்காரன் 'உலகில் எத்தனை கணனிகளில் இது இருக்கிறது' என்றும் பார்க்கிறான் என்று. நூறு கணனிகளில் மாத்திரம் இருக்கும் பைல் அவனுக்கு அந்நியன். அதில் டிஜிட்டல் கையொப்பம் இல்லாவிட்டால் பெயர் தெரியாத அந்நியன். அளவைக் குறைப்பதற்காகவோ களவு போகாமலிருக்கவோ பைலைச் சுருக்கி மூடியிருந்தால் முகத்தை மறைத்த அந்நியன். வைரஸ் எழுதுபவர்களும் அதே சுருக்கும் கருவிகளைத்தான் பாவிக்கிறார்கள். ஆகவே நமது சிறு மென்பொருளாளர் எந்தக் குற்றமும் செய்யாமலே சந்தேக நபராகிவிடுகிறார்.

இதில் இன்னொரு வினோதமும் உண்டு. 2010இன் ஆரம்பத்தில் கஸ்பர்ஸ்கி நிறுவனம் ஒரு சோதனை செய்து அதனை வெளிப்படுத்தியது. தீங்கற்ற 20 பைல்களை உருவாக்கி, அவற்றில் 10ஐ மாத்திரம் வேண்டுமென்றே வைரஸ் எனத் தனது மென்பொருளில் குறித்து, எல்லாவற்றையும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஏற்றியது. பத்து நாட்களுக்குள் அந்தப் பொய்க் குறிப்புகளை 14 வரையான வேறு நிறுவனங்களும் வைரஸ் என்று சொல்லத் தொடங்கிவிட்டன. சந்தையில் ஒருவர் 'அவனுக்குக் கடன் கொடுக்காதே' என்று சொன்னால், ஏன் என்று கேட்காமலே பத்துப் பேர் அதைத் திருப்பிச் சொல்வது போலத்தான் இதுவும். ஆகவே 'பத்து வைரஸ் கார்ட் பிடிக்கிறதே' என்பது எப்போதும் பத்துச் சாட்சிகள் அல்ல. சில வேளைகளில் அது ஒரே சாட்சியின் பத்து எதிரொலிகள்.

"ஓப் பண்ணிட்டுப் போடுங்க"

இவ்வளவும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது அநியாயம். பொய் எச்சரிக்கை என்ற சொல்லுக்குப் பின்னால் மெய்யான கள்ளர்களும் ஒளிந்திருக்கிறார்கள்.

கள்ளப் பிரதி விற்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். "அது வைரஸ் இல்ல, கிரெக் எண்டதால அப்பிடிக் காட்டுது. வைரஸ் கார்டை ஓப் பண்ணிட்டுப் போடுங்க" என்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். அது உண்மையாக இருக்கும் அந்தச் சில நேரங்கள்தான் மற்ற நேரங்களுக்கான தூண்டில். கதவைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே வா என்று நாமே அழைக்கும்போது, கள்ளனுக்குப் பூட்டுடைக்கும் வேலையும் மிச்சம்.

நேர்மையான நமது மென்பொருளாளர்களிலும் சிலர் இதே பழக்கத்தை வளர்த்துவிட்டார்கள் என்பதைக் கவலையுடன் குறிப்பிடுகிறேன். 'நிறுவுவதற்கு முன்னர் வைரஸ் கார்டை நிறுத்திவிடவும்' என்று கைந்நூலிலேயே அச்சடித்துக் கொடுக்கிறார்கள். தங்களது ஒரு பைல் பிடிபடாமலிருப்பதற்காக வாடிக்கையாளரின் கடை முழுவதையும் காவலின்றி விடச் சொல்கிறார்கள். நானும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவனாக இருந்தேன் என்பதை மேலே எழுதிவிட்டேன்.

அப்படியானால் என்ன செய்வது?

எச்சரிக்கையைத் தீர்ப்பாக எடுக்கவும் கூடாது, இரைச்சலாக ஒதுக்கவும் கூடாது. அது ஒரு முறைப்பாடு. முறைப்பாடு வந்தால் விசாரிக்க வேண்டும். விசாரிப்பதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை.

முதலாவது, 'டிலீட்' என்பதை அமத்தாதீர்கள். 'குவாரன்டைன்' என்று ஒன்று இருக்கும். அது பைலை ஓட முடியாதவாறு அடைத்து வைக்கும் அறை. குற்றமற்றது என்று தெரிந்தால் அங்கிருந்து வெளியே எடுக்கலாம். வைரஸ் கார்ட் தானாக முடிவெடுக்கும்போதும் அழிக்காமல் அடைத்து வைக்கும்படி இன்றே மாற்றி வையுங்கள். எனது நண்பரின் கடையில் இந்த ஒரு மாற்றம் இருந்திருந்தால் அன்றிரவு சனம் அவ்வளவு நேரம் காத்திருந்திருக்காது.

இரண்டாவது, திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுங்கள். வைரஸின் பெயர், பைலின் பெயர், அது இருந்த இடம், நேரம் ஆகிய நான்கும் தெரிய வேண்டும். பெயரில் 'ஜெனரிக்', 'ஹியூர்', 'சஸ்பிசியஸ்' என்ற சொற்கள் இருந்தால் அது பெரும்பாலும் ஊகம். குறிப்பிட்ட ஒரு வைரஸ் குடும்பத்தின் பெயர் இருந்தால் அதற்குப் பாரம் கூட. எனினும் பெயரை மாத்திரம் வைத்து முடிவு கட்ட முடியாது. மெக்காபி பிடித்ததும் குறிப்பிட்ட பெயரோடுதானே.

மூன்றாவது, பைல் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நேற்று மின்னஞ்சலில் வந்ததா, பென் டிரைவில் வந்ததா, வருடக்கணக்காக இருந்ததா? பழைய பைல் என்பதாலும் நிம்மதியடையக் கூடாது. 'சாலிட்டி' போன்ற வைரஸ்கள் இருக்கும் நல்ல பைல்களுக்குள்ளேயே புகுந்துகொள்பவை. ஆகவே அந்தப் பைல் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பைலுக்கும் 'எஸ்.எச்.ஏ. 256' என்ற கைரேகை உண்டு. 64 எழுத்தும் இலக்கமும் கொண்டது. பைலில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முற்றாக மாறிவிடும். மென்பொருளைத் தந்தவரிடம் கேட்டு இரண்டையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் வேறு பேச்சில்லை. அந்தப் பைல் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கட்டும்.

நான்காவது, வைரஸ்டோட்டல் தளத்தில் இரண்டாம் அபிப்பிராயம் கேட்கலாம். 2004இல் ஸ்பெயினில் ஆரம்பிக்கப்பட்டு 2012இல் கூகுளின் கைக்கு வந்த இத்தளம், ஒரு பைலைப் பல பத்து வைரஸ் கார்டுகளிடம் காட்டிப் பதில் சொல்கிறது. ஆனால் ஒரு முக்கிய எச்சரிக்கை. அங்கே ஏற்றப்படும் பைல்களைக் கட்டணம் செலுத்தும் வெளியாட்களும் எடுத்துப் பார்க்க முடியும். எனவே வாடிக்கையாளர் விபரம், சம்பளப் பட்டியல், வங்கிக் கூற்று உள்ள பைல்களை ஒருபோதும் ஏற்றாதீர்கள். கைரேகையை மாத்திரம் கொடுத்துத் தேடவும் அங்கே வசதியுண்டு.

ஐந்தாவது, பொய் எச்சரிக்கை என்று உறுதியானால் வைரஸ் கார்ட் நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மைக்ரோசொப்ட் உட்பட முக்கிய நிறுவனங்கள் எல்லாம் இதற்கென இணையத்தில் படிவம் வைத்திருக்கின்றன, கட்டணமில்லை. நீங்கள் அறிவிக்காவிட்டால் அடுத்த கடைக்காரருக்கும் அதே கரச்சல்தான்.

ஆறாவது, விலக்களிப்பதானால் அந்த ஒரு பைலுக்கு மாத்திரம் கொடுங்கள். டிரைவுக்கோ, 'டவுன்லோட்ஸ்' போன்ற எல்லாம் வந்து விழும் போல்டருக்கோ கொடுக்காதீர்கள். விலக்களித்த திகதியை எழுதி வையுங்கள். திருத்தம் வந்ததும் விலக்கை நீக்கிவிடுங்கள். என்னைப் போல மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக, மறுபிரதி. ஒவ்வொரு நாளும் கடை மூடும்போது எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வையுங்கள். செருகியபடியே இருக்கும் மறுபிரதி மறுபிரதியல்ல. பொய் எச்சரிக்கை வந்தாலும் மெய் வைரஸ் வந்தாலும் உங்களைக் காப்பாற்றும் ஒரே பொருள் அதுதான்.

மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை

"கியூவில் பத்துப் பேர் நிற்கும்போது இதையெல்லாம் யார் பார்ப்பது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் அந்த நேரத்தில் யோசிக்கக் கூடாது என்கிறேன். முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக் காசு மேசையில் ஒட்டி வையுங்கள்: 'அழிக்காதே, படமெடு, அடைத்து வை, இந்த இலக்கத்துக்குக் கதை.' கூடவே ஒரு கைப்பில் புத்தகமும் மேசைக்குள் இருக்கட்டும். கணனி வருவதற்கு முன்னரும் நமது வாப்பாமார் வியாபாரம் செய்தார்கள்தானே.

நமது மென்பொருளாளர்களுக்கு: உங்கள் பைல்களுக்கு டிஜிட்டல் கையொப்பம் இடுங்கள். அதற்கு வருடாந்தம் செலவுண்டு என்பதையும், 2023 ஜூனிலிருந்து அதன் சாவியைத் தனியான பாதுகாப்புக் கருவியில் வைத்திருக்க வேண்டும் என்ற விதியால் சிரமம் கூடியிருக்கிறது என்பதையும் அறிவேன். அந்தச் செலவை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். கையொப்பம் இட்டால் பொய் எச்சரிக்கை வரவே வராது என்பதல்ல. ஆனால் பெயர் சொல்லத் தெரிந்த அந்நியனாவது ஆவீர்கள். ஒவ்வொரு பதிப்பின் கைரேகையையும் வாடிக்கையாளருக்குக் கொடுங்கள். புதிய பதிப்பை வெளியிடுவதற்கு முன்னர் நீங்களே பரிசோதித்து, பிடிபட்டால் முதலில் அந்த நிறுவனத்துக்கு அறிவியுங்கள். 'வைரஸ் கார்டை நிறுத்தவும்' என்ற வரியைக் கைந்நூலிலிருந்து வெட்டிவிடுங்கள்.

வைரஸ் கார்ட் வாங்குபவர்களுக்கு: எத்தனை வைரஸைப் பிடிக்கிறது என்று மாத்திரம் பார்த்து வாங்காதீர்கள். ஒஸ்திரியாவின் ஏ.வி. கொம்பரட்டிவ்ஸ், ஜேர்மனியின் ஏ.வி. டெஸ்ட் ஆகிய பரிசோதனை நிறுவனங்கள் தமது அறிக்கைகளில் எத்தனை நல்ல பைல்களைப் பிழையாகப் பிடித்தது என்பதையும் வெளியிடுகின்றன. கடைக்குக் காவல்காரன் எடுக்கும்போது அவன் வாடிக்கையாளரை அடிப்பவனா என்றும் விசாரிப்போமல்லவா?

எல்லாவற்றுக்கும் மேலாக, நமது வர்த்தக சங்கங்கள் இதனைக் கையிலெடுக்க வேண்டும் என்பது எனது தாழ்மையான வேண்டுகோள். தனிக் கடைக்காரர் ஒருவரின் ஆங்கில மின்னஞ்சலுக்குப் பதில் வருவதற்குள் பெருநாள் முடிந்துவிடும். ஒரு சங்கம் தனது அங்கத்தவர்கள் பாவிக்கும் மென்பொருள்களின் பட்டியலொன்றைத் தயாரித்து, அவற்றின் கைரேகைகளைத் திரட்டி வைத்து, பிழை நேரும்போது அனைவர் சார்பிலும் அறிவித்தால் அந்தக் குரல் வேறு. மெய்யான தாக்குதல் நடந்தால் அறிவிப்பதற்கு 2006இல் அமைக்கப்பட்ட ஸ்ரீலங்கா சேர்ட் இருக்கிறது. அதன் தொலைபேசி இலக்கம் எத்தனை கடைகளில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது?

எனது நண்பரின் கடைக்கு இப்போதும் போய்வருகிறேன். காசு மேசையில் அந்தத் தாள் ஒட்டப்பட்டிருக்கிறது. போன வருடம் மீண்டும் ஓர் எச்சரிக்கை வந்தது. பொடியன் எதையும் அமத்தவில்லை. படமெடுத்து எனக்கு அனுப்பினான். கைரேகை பொருந்தியது, பொய் எச்சரிக்கைதான். அந்த ஒரு பைலுக்கு மாத்திரம் விலக்களித்தோம். இரண்டு நாளில் திருத்தம் வந்தது, விலக்கை நீக்கினோம். இதற்கிடையில் கைப்பில் புத்தகத்தில் பதினேழு பில் எழுதப்பட்டிருந்தது. ஒரு வாடிக்கையாளரும் திரும்பிப் போகவில்லை.

"தம்பி, இது பொய்யெண்டு ஒனக்கு மொதல்லயே தெரிஞ்சிருக்கும்தானே" என்று கேட்டார் நானா.

"தெரியும் எண்டு நெனச்சதாலதான் நானா அண்டக்கி அவ்வளவும் போனது" என்றேன்.

அவர் பேசாமல் மறுபிரதி எடுத்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.